படுத்துப் பார்க்கும் பிரிவு

மனிதனுக்கு நோய் வருவது இயற்கை. நோய் வந்தால் வேலைக்குப் போகாமல் வீட்டில் படுத்துக் கிடப்பதும் இயற்கை. இந்த இரண்டு இயற்கைகளையும் எங்கள் மெத்தைத் தொழிற்சாலையில் ஒரே சுற்றறிக்கையால் ஒழித்துக் காட்டியவன் என்ற முறையில், அதைப் பற்றி நாலு வார்த்தை எழுதும் தகுதி எனக்கு உண்டு என்று நினைக்கிறேன். வேறு எந்தத் தகுதியும் எனக்குக் கிடையாது என்பது என் தங்கையின் கருத்து. அவள் பின்னால் வருவாள்.

நான் அங்கே வருகைப் பிரிவின் தலைவர். பிரிவில் நான் ஒருவன்தான் என்பதால் தலைவர் பதவிக்குப் போட்டி இருந்ததில்லை. யார் வந்தார், யார் வரவில்லை, வராதவர் ஏன் வரவில்லை என்று பார்ப்பது என் வேலை. காலையில் தொலைபேசி அடிக்கும். எடுத்தால் மறுமுனையில் யாராவது இருமுவார்கள். அந்த இருமலைக் கேட்டே இது ஜுரமா, சினிமாவா, மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறாரா என்று என்னால் சொல்லிவிட முடியும். இப்பேர்ப்பட்ட ஞானத்தை நிர்வாகம் பயன்படுத்திக்கொள்ளவில்லையே என்ற மனக்குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி ஒரு மாநாட்டுக்குப் போனார். சாதாரண மனிதராகப் போனவர் கையில் ஒரு புதுமாதிரிக் கடிகாரத்தோடு திரும்பி வந்தார். நேரம் காட்டுவது அதற்கு உபதொழில். எழுந்து நில், தண்ணீர் குடி, ஆழ்ந்து மூச்சு விடு என்று கட்டளையிடுவதுதான் முக்கியத் தொழில். பெற்றவர்கள் சொல்லியே எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர், மணிக்கட்டில் ஏதோ அதிர்ந்தால் துள்ளி எழுந்து நின்றார். எதிரே உட்கார்ந்திருந்த நாங்களும் மரியாதைக்காக எழுந்து நின்றோம். ஊரைப் படுக்க வைத்துப் பிழைக்கிற இடத்தில் நாங்கள் மட்டும் எழுந்து எழுந்து நின்றது எனக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது. பிறகு நானும் அப்படி ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். விலை குறைந்த ரகம். அது மூச்சு விடச் சொல்லாது. நானே ஞாபகமாக விட்டுக்கொள்ள வேண்டும்.

"நம்ம ஆளுங்க ஏன் லீவு போடறாங்க?" என்று கேட்டார் முதலாளி.

"உடம்பு சரியில்லாம போயிடுது சார்."

"அது ஏன் போகுது?"

யோசித்தேன். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"காப்பீடு இல்ல, அதான்," என்று அவரே சொன்னார். "மாநாட்டுல ஆராய்ச்சி பண்ணிக் காட்டினாங்க. மருத்துவக் காப்பீடு இருக்கிற இடத்துல ஆளுங்க கம்மியா லீவு எடுக்கறாங்க. இல்லாத இடத்துல அதிகமா எடுக்கறாங்க. படமே போட்டாங்க. ஒரு கோடு மேல போகுது, இன்னொரு கோடு கீழ வருது."

"எந்தக் கோடு சார் மேல போகுது?"

"அதைப் பாக்கல. அப்போ கடிகாரம் தண்ணி குடிக்கச் சொல்லிச்சு."

விவரம் தெரிந்த ஒருவன் அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். காப்பீடு இருந்தால் ஆள் நேரத்தோடு மருத்துவரிடம் போவான், நோய் முற்றாது, அதனால் லீவு குறையும், அதுதானே சங்கதி என்று கேட்டிருப்பான். எனக்கும் அது தோன்றத்தான் செய்தது. ஆனால் முதலாளி அப்போது ஆழ்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் மூச்சு விடும்போது குறுக்கே பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

அடுத்த வாரம் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, இஸ்திரி போட்ட மாதிரியே குரல். எதைக் கேட்டாலும் "நல்ல கேள்வி" என்பார். அதன் பிறகு பதில் வராது. இருந்தாலும் திட்டத்தை மட்டும் தெளிவாக விளக்கினார்.

"உங்க நிறுவனத்துல வருஷம் முழுக்க ஒருத்தர்கூட நோய் விடுப்பு எடுக்கலேன்னா, நீங்க ஆரோக்கிய நிறுவனம். ஆரோக்கிய நிறுவனத்துக்கு எல்லாச் சிகிச்சைக்கும் காப்பீடு உண்டு. இருதயம், சிறுநீரகம், எல்லாம்."

"ஒருத்தர் லீவு எடுத்துட்டா?" என்று கேட்டேன்.

"அந்த ஒருத்தருக்குக் கொடுத்துடுவோம் சார், அதுல குறையே வைக்க மாட்டோம். ஆனா உங்க நிறுவனத்துல நோயாளி இருக்காங்கன்னு ஆயிடும் பாருங்க. நோயாளி இருக்கிற இடத்துக்குக் காப்பீடு கொடுக்கிறது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. மறுநாளே திட்டம் ரத்து."

"நியாயம்தானே," என்றார் முதலாளி. நானும் நியாயம்தானே என்றேன். அவர் சொன்னதற்குப் பிறகு சொன்னதால் என் நியாயம் சற்று மெதுவாக ஒலித்தது.

சுற்றறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அதற்காகவே பிறந்தவன் போல உட்கார்ந்து எழுதினேன்: "இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நிர்வாகம் தங்கள் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு வழங்கி மகிழ்கிறது. காப்பீடு பெற்ற ஒருவர் நோயுறுவது, குடை பிடித்தவர் நனைவதற்கு ஒப்பான முரண்பாடாகக் கருதப்படும். ஆகவே நோய் விடுப்பு என்னும் பழைய வழக்கம் இன்றுமுதல் அவசியமற்றதாகிறது. மீறிக் கோருவோர் வருகைப் பிரிவின் தலைவரிடம் நேரில் கையெழுத்துப் பெற வேண்டும். அவ்வதிகாரம் அவரைத் தவிர வேறெவருக்கும் இல்லை. நோயுற விரும்புவோர் வார விடுமுறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்."

குடை என் சொந்தச் சரக்கு. வீட்டுக்குப் போய் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "குடை பிடிச்சாலும் கால் நனையத்தானே செய்யும்?" என்றாள். இலக்கிய ரசனை இல்லாதவர்களோடு குடும்பம் நடத்துவது சுலபமில்லை.

சுற்றறிக்கை ஒட்டிய மறுநாளிலிருந்து தொலைபேசி அடிக்கவில்லை. இருமுகிறவர்கள் நேரிலேயே வந்து இருமினார்கள். தையல் பிரிவு அக்கா, எல்லாருக்கும் மூத்தவர், ஊசி ஓடும் சத்தத்துக்கு மேலே இருமினார். நுரை வெட்டுபவர் ஜுரத்தோடு வந்து கத்தியைப் பிடித்தார். உடம்பு நடுங்கியதில், நேராக வெட்டுப்பட வேண்டிய நுரை அலை அலையாக வெட்டுப்பட்டது. நாங்கள் அசரவில்லை. அதற்கு 'அலை மெத்தை' என்று பெயர் வைத்து, முதுகுத்தண்டுக்கு உகந்தது என்று விளம்பரம் செய்தோம். நாகரிகமான வீடுகளில் அதைத் தேடி வாங்கினார்கள். ஜுரம் இறங்கிய பிறகு நுரை நேராக வெட்டுப்பட்டபோது, பழைய தரம் இல்லை என்று புகார் வந்தது.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மெத்தையும் யாராவது ஒருவர் படுத்துப் பார்க்காமல் வாசலைத் தாண்டாது. அதற்கென்றே ஒருவர் இருந்தார். அவரை எடைக்கல் என்றுதான் கூப்பிடுவோம். பெயருக்கேற்ற சரீரம். மல்லாக்கப் படுப்பார், இடது பக்கம் புரளுவார், வலது பக்கம் புரளுவார், கண்ணை மூடுவார். பிறகு "சரி" என்பார், அல்லது "முதுகுல குத்துது" என்பார். அவ்வளவுதான் வேலை. அதற்குச் சம்பளமா என்று நாங்கள் எல்லாரும் அவர்மேல் பொறாமைப்பட்ட காலம் உண்டு.

ஒருநாள் நுரை வெட்டுபவர் நிற்க முடியாமல் தள்ளாடியபோது, எடைக்கல் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஒரு மெத்தையில் கிடத்தினார். நான் அந்தப் பக்கம் போனேன்.

"என்ன இது?" என்றேன்.

"மெத்தையைப் படுத்துப் பாக்கறார் சார்," என்றார் எடைக்கல்.

அந்த நிமிஷத்தில் எனக்கு ஞானோதயம் பிறந்தது. படுத்திருப்பவர் லீவில் இல்லை, வேலையில் இருக்கிறார். உடனே அவரைப் படுத்துப் பார்க்கும் பிரிவுக்குத் தற்காலிகமாக மாற்றி உத்தரவு போட்டேன். அடுத்து இருமல் அக்கா வந்தார். அப்புறம் கண்வலி வந்த ஓட்டுநர், பல்வலி வந்த கணக்காளர். கொஞ்ச நாளில் அந்தக் கூடத்தில் வரிசை வரிசையாக மெத்தைகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஊழியர், நெற்றியில் ஈரத் துணி. எங்கள் மெத்தைகள் அவ்வளவு நேர்மையாக ஒருபோதும் பரிசோதிக்கப்பட்டதில்லை. நோயாளிக்குத்தான் மெத்தையின் குறை தெரியும் என்பதைத் தொழில்நுட்ப உலகுக்கு நாங்கள்தான் முதலில் காட்டினோம்.

கஷ்டப்பட்டவர் எடைக்கல் மட்டும்தான். படுக்க இடமில்லாமல் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கு நின்னு பழக்கமில்ல சார். காலெல்லாம் கடுக்குது."

"கால் வலின்னா நீங்களும் படுத்துப் பாக்கலாமே."

"எதுல சார் படுக்கறது?"

வாசலில் ஒரு பலகை வைத்தோம். 'இன்று நோயுற்றோர்: எவருமில்லை' என்று அதில் எழுதியிருக்கும். தினமும் அழித்துவிட்டு அதையே மறுபடி எழுதுவேன். மற்றத் தொழிற்சாலை முதலாளிகள் வந்து பலகையோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கூடத்துக்குள் யாரையும் விடவில்லை. தொழில் ரகசியம் என்று சொல்லிவிட்டோம்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், வருஷம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, என் தங்கை கணவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளை எங்கள் தொழிற்சாலையில்தான் மெத்தைகளை லாரியில் ஏற்றுகிற வேலை பார்க்கிறார். வேலை வாங்கிக் கொடுத்தது நான். அதை நான் அடிக்கடி நினைவுபடுத்துவேன் என்பதால் அவர் என்னிடம் அதிகம் பேசமாட்டார். அன்று நாற்காலியில் உட்காராமல், அடிவயிற்றைக் கையால் தாங்கிப் பிடித்தபடி சுவரோரம் நின்றார்.

"குடலிறக்கமாம் அண்ணா," என்றாள் தங்கை. "உடனே ஆபரேஷன் பண்ணணுமாம். தள்ளிப்போட்டா குடல் சிக்கிக்கிட்டு உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டார். நல்ல வேளை, காப்பீடு இருக்கு."

"இருக்கு," என்றேன். "அதுல சந்தேகமே இல்ல."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?"

"காப்பீடு இருக்கணும்னா மாப்பிள்ளைக்கு உடம்பு நல்லா இருக்கணும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சின்ன வயதிலிருந்தே அறிவேன்.

"மச்சான், எனக்கு நடக்கவே முடியல," என்றார் மாப்பிள்ளை.

"படுத்துப் பாக்கிற பிரிவுல போடட்டுமா? ஜன்னலோரமா இடம் தரேன்."

"அங்க படுத்தா குடல் தானா உள்ள போயிடுமா?" என்றாள் தங்கை.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தில் கூட என் மூளை வேலை செய்யும். மாப்பிள்ளை போகவிருந்த மருத்துவமனைக் கட்டில்களில் கிடப்பவை எங்கள் மெத்தைகள்தான். மறுநாள் காலை முதலாளியிடம் போய், மாப்பிள்ளையை வெளிப்பணியில் மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்று யோசனை சொன்னேன். பணியின் பெயர்: 'நிறுவன மெத்தையின் செயல்திறனை நோயாளி நிலையிலிருந்து ஆராய்தல்.'

முதலாளிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "மயக்க மருந்து கொடுத்த நிலைமையிலயும் ஆராயச் சொல்லு. போட்டி நிறுவனம் எதுவும் இதுவரைக்கும் பண்ணல," என்றார்.

மருத்துவமனையில் காப்பீட்டு முகப்பு என்று ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துவிட்டு, நானும் தங்கையும் அவர் முன்னால் நின்றோம். அவர் கணினியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார்.

"இவர் இங்க இல்லையே சார்."

"இதோ உக்காந்திருக்காரே."

"இதுல வேலையில இருக்காருன்னு போட்டிருக்கு. வேலையில இருக்கிற ஆளுக்கு எப்படி ஆபரேஷன் பண்றது?"

"வெளிப்பணிம்மா. வேலையாத்தான் வந்திருக்கார்."

"வேலையா வந்தவங்களுக்கு அந்தப் பக்கம் வாசல் சார். இது நோயாளிங்களுக்கு."

மாப்பிள்ளை முனகினார். முகத்தில் வேர்வை கொட்டியது. அந்தப் பெண்ணுக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. தானே காப்பீட்டு நிறுவனத்துக்குப் பேசி, தொலைபேசியை என்னிடம் கொடுத்தார். அதே இஸ்திரி போட்ட குரல்.

"சிகிச்சை நோயாளிக்குத்தானே சார் கொடுக்க முடியும்? உங்க நிறுவனத்துல இந்த வருஷம் யாருமே நோயாளி இல்லைன்னு மாசாமாசம் எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"அது ஒரு சம்பிரதாயத்துக்கு..."

"கையெழுத்து யாரோடது சார்?"

"என்னோடதுதான்."

"அழகான கையெழுத்து. இன்னிக்கு அவருக்கு நோய் விடுப்பு கொடுத்து ஒரு கையெழுத்துப் போடுங்க, உடனே அனுமதி தரேன். நாளைக்குத்தான் ஆரோக்கிய நிறுவன விருது கொடுக்க உங்க தொழிற்சாலைக்கு வரேன். அதை அப்புறம் பாத்துக்கலாம்."

அறுவை மருத்துவர் அந்தப் பக்கமாக வந்தார். மாப்பிள்ளையின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "குடல் சிக்க ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் ஒரு மணி நேரத்துல உள்ள கொண்டு போகணும். சீக்கிரம் முடிவு பண்ணுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய் முதலாளியைக் கூப்பிட்டேன். இந்த இடத்தில் வேறு கதைகளில் வருகிற அண்ணன்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் முதலாளியிடம் பேசுவார்கள். என் வளர்ப்பு அப்படி இல்லை.

"நாளைக்கு விருது," என்றார் முதலாளி. "நாளைக்கழிச்சு ஆபரேஷன் வெச்சுக்கச் சொல்லு."

"குடல் கேக்காது போலிருக்கு சார்."

"சுற்றறிக்கை எல்லாருக்கும்தானே போட்டோம்?"

"போட்டோம் சார். குடலைத் தனியா குறிப்பிடல."

"இரு, மூச்சு விடணும்," என்று சொல்லிவிட்டு அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது தங்கை முகப்பில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"பேனாவைக் கொடு."

"எதுக்கு?"

"உன் கையெழுத்தை நான் போடறேன். ஸ்கூல்ல உன் ரேங்க் கார்டுல அப்பா கையெழுத்தைப் போட்டது யாரு? நான்தானே. இதையும் போடறேன். என் புருஷன் உன் பலகைக்காகச் சாக மாட்டார்."

அவள் செய்யக்கூடியவள். என் கையெழுத்தை என்னைவிட நன்றாகவே போடுவாள். வருகைப் பிரிவுத் தலைவரின் ஒரே அதிகாரம் பறிபோகும் என்ற பயத்தில் பேனாவை எடுத்து நானே போட்டேன். காரணம் என்று கேட்டிருந்த இடத்தில் 'நோய்' என்று எழுதினேன். மாப்பிள்ளையை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். நான் அழுதேன். அழுததில் பாதி அவருக்காக, பாதி என் வேலைக்காக. தங்கை மொத்தமும் அவருக்காகவே என்று எடுத்துக்கொண்டு என் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் மாப்பிள்ளை என்னை அருகில் கூப்பிட்டு, காதோடு சொன்னார்: "மச்சான், மெத்தை இடுப்புக்கிட்ட பள்ளமா இருக்கு. எழுதிக்கோங்க." கடமை தவறாத மனிதர்.

மறுநாள் விருது விழா. படுத்துப் பார்க்கும் பிரிவிலிருந்து எழுந்து நிற்க முடிந்தவர்களை எல்லாம் வாசலில் நிறுத்தினோம். காப்பீட்டு அதிகாரி ஒலிபெருக்கியின் முன்னால் வந்து, ஆழ்ந்த வருத்தத்தோடு ஓர் அறிவிப்பைப் படித்தார். நேற்றைய தினம் இந்நிறுவனத்தில் நோயாளி ஒருவர் இருப்பது கண்டறியப்பட்டமையால், காப்பீடு இன்றோடு ரத்தாகிறது என்றார். அவர் கொண்டுவந்திருந்த கேடயத்தை அவரே திரும்பக் காரில் வைத்துக்கொண்டார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"இங்க எங்கேயோ படுக்கற இடம் இருக்குன்னு கேள்விப்பட்டேன்," என்றார் மெதுவாக.

"என்ன ஆச்சு சார்?"

"ஜுரம். எங்க ஆபீஸ்லயும் இதே திட்டம்தான் சார்."

எடைக்கல் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் அலை மெத்தை ஒன்றில் படுக்க வைத்தார். சாயங்காலம் வரை நிறுவனப் பணி நிமித்தமாகத் தூங்கிவிட்டு, சட்டை கசங்கியபடி எழுந்து போனார்.

அடுத்த நாள் காலை என் தொலைபேசி அடித்தது. நுரை வெட்டுபவர், ஜுரமாம். வைத்தவுடன் மறுபடி அடித்தது, தையல் பிரிவு அக்கா. பிறகு அது ஓயவே இல்லை. ஒரு வருஷமாக எல்லாரும் சேர்த்து வைத்திருந்த நோய்களையெல்லாம் ஒரே நாளில் செலவழித்தார்கள். காப்பாற்றிக்கொள்ளக் காப்பீடும் இல்லை, கெட்டுப்போகப் பலகையும் இல்லை. தொழிற்சாலைக்கு வந்தது எடைக்கல் மட்டும்தான். படுக்க இடம் கிடைக்கும் என்று ஆசையோடு வந்திருந்தார்.

முதலாளி காலியான கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். என் வேலை போயிற்று என்று மேஜையைத் துடைத்துச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தவர் முகம் பிரகாசமாக இருந்தது.

"பாத்தியா? காப்பீடு இருந்த வரைக்கும் ஒருத்தருக்கும் நோய் இல்ல. காப்பீடு போச்சு, மறுநாளே எல்லாருக்கும் நோய். மாநாட்டுல சொன்னது அப்படியே பலிச்சிடுச்சு. ஒரு கட்டுரை எழுதிக் கொடு. அடுத்த மாநாட்டுல நான் படிக்கணும்."

எழுதினேன். அதில் ஒரு பொய்கூட இல்லை என்பதுதான் என்னை இன்றுவரை சங்கடப்படுத்துகிறது. படத்தையும் நானே போட்டேன். ஒரு கோடு மேலே போயிற்று, இன்னொரு கோடு கீழே வந்தது. மாநாட்டில் முதலாளி படித்து முடித்ததும் மண்டபம் முழுவதும் எழுந்து நின்றதாம். மரியாதைக்காகவா, கடிகாரங்கள் அதிர்ந்ததாலா என்பது தெரியவில்லை. வேறொரு காப்பீட்டு நிறுவனம் அங்கேயே ஓடி வந்து எங்களுக்குக் காப்பீடு தருவதாகச் சொன்னது. நிபந்தனைகளில் ஒரு புள்ளிகூட மாற்றமில்லை.

இந்தத் தடவை ஊழியர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார் முதலாளி. யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று நான் நம்பினேன். முதலில் கையைத் தூக்கியவர் மாப்பிள்ளை. தையல் போட்ட புண் இன்னும் ஆறவில்லை, ஆனால் கை நன்றாக உயர்ந்தது.

"மச்சான், காப்பீடு நல்லதுதான். எனக்கு ஒரு பைசா செலவில்ல," என்றார். "வருஷத்துக்கு ஒருத்தர் தாராளமா உபயோகப்படுத்தலாம். அது யாருன்னு முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டாப் போதும். ரத்தானா வேற கம்பெனி வரும்."

எல்லாரும் கையைத் தூக்கினார்கள். அன்றைக்கே உட்கார்ந்து வரிசையும் போட்டாயிற்று. இந்த வருஷம் தையல் பிரிவு அக்காவின் பித்தப்பைக் கல். அடுத்தது நுரை வெட்டுபவரின் முழங்கால். ஓட்டுநரின் கண்ணுக்கும் கணக்காளரின் மூலத்துக்கும் சண்டை வந்து, கணக்காளர் விட்டுக் கொடுத்தார். ஒருவர் நோயை இன்னொருவர் இவ்வளவு பொறுப்பாக விசாரித்து நான் பார்த்ததில்லை. என்னை வரிசையில் சேர்க்கவில்லை. ஏன் என்று அப்போது நான் கேட்கவுமில்லை.

போன வாரத்திலிருந்து எனக்கு நெஞ்சில் இடது பக்கம் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறது. படி ஏறினால் அதிகமாகிறது. உடனே மருத்துவமனையில் வந்து படுக்கும்படி மருத்துவர் சொன்னார். மெல்லத் தையல் பிரிவுக்குப் போய், அக்காவிடம் இந்த வருஷத்தை எனக்கு விட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. சுற்றிலும் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"தாராளமா எடுத்துக்கோங்க சார்," என்றார் அக்கா. "ஆனா லீவுல கையெழுத்துப் போட உங்களை விட்டா வேற யாருக்கும் அதிகாரம் இல்லையே. நீங்க படுத்துட்டா உங்களுக்கு யார் சார் போடுவாங்க?"

"லீவுல இருக்கிற ஆள் வேலை பாக்கவும் கூடாது. சட்டம் இருக்கு," என்று கணக்காளர் வருத்தத்தோடு நினைவுபடுத்தினார்.

"அதனால உங்களுக்கு ஒண்ணுமே வரக் கூடாது சார்," என்றார் அக்கா. "நாங்க எல்லாரும் தினம் உங்களுக்காகத்தான் வேண்டிக்கிறோம். நீங்க நல்லா இருந்தாத்தான் நாங்க நோயாளி ஆக முடியும்."

மாப்பிள்ளை உட்பட எல்லாரும் அன்போடு தலையாட்டினார்கள். என் உடல்நலத்தில் இத்தனை பேர் இவ்வளவு அக்கறை காட்டி நான் பார்த்ததில்லை. வலித்த இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, என் இருக்கைக்குப் போக மாடிப்படி ஏறினேன்.